ஆறு மணி நேரத் தூக்கம்

முதலில் செருப்பில்தான் தெரிந்தது. கண்டி மலைநாட்டில், பன்விலப் பக்கத்தில் ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பழம் பறிக்கும் காலம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம், பழத்தைத் தோலுரிக்கும் ஸ்டோரிலிருந்து வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரலாம் என்று கிளம்பினால் செருப்பு காலில் ஏறவில்லை. மழையில் நனைந்து தோல் சுருங்கிவிட்டது என்று நினைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். என் மனைவி அன்னம் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தாள்.

"செருப்பு சுருங்கலைங்க. காலுதான் பெருத்துருக்கு" என்றாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இருவரும் அந்தக் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் சாப்பிட்டுவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

இப்போது கண்டியில் என்னைப் பார்க்கிறவர்கள், நெஞ்சு நோய் வந்து பிழைத்தவர் நீங்கள்தானா என்று கேட்டு, எப்படி இருந்தது என்று விசாரிக்கிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடாலென்று விழுந்தேன் என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. செருப்பு ஏறவில்லை, மேடு ஏற முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் மூச்சு வாங்குகிறது. ஆகவே ஒரே தடவையாக எழுதிவைத்துவிடுகிறேன்.

என் வேலையைச் சொல்லாமல் நோயைச் சொல்ல முடியாது. கோப்பிப் பழத்தைப் பறித்த அன்றைக்கே தோலை உரித்தாக வேண்டும். மறுநாளுக்கு விட்டால் புளித்து நாறிவிடும். மலையில் ஆட்கள் இருட்டும்வரை பறித்துச் சாக்கில் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் கொட்டுவார்கள். அதை நான் நின்று அளக்க வேண்டும். பிறகு ஓடைத் தண்ணீரில் சுற்றும் எந்திரத்தில் போட்டு உரித்துத் தொட்டியில் தள்ளும்வரை கூடவே நிற்க வேண்டும். காலையில் எல்லோரையும் எழுப்பும் மணியை அடிப்பதும் நான்தான். பெரட்டுக்களத்தில், அதாவது ஆட்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், யார் வந்தார் யார் வரவில்லை என்று பார்ப்பதும் நான்தான். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவை விட்டால் தோட்டத்தில் கடிகாரம் இருந்தது ஸ்டோரில் மட்டும். அதன் சாவி என் இடுப்பில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கால் வீங்கிய வாரமே மூச்சும் போக்குக் காட்டத் தொடங்கியது. ஸ்டோரிலிருந்து பங்களாவுக்குப் போகும் படிகளில் முன்பெல்லாம் நிற்காமல் ஏறுவேன். அந்த வாரம் இரண்டு இடத்தில் நின்றேன். அடுத்த வாரம் ஐந்து இடத்தில். மலையில் பனி அதிகம், சளி கட்டியிருக்கும் என்று அன்னம் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். படுத்தால் யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்ததால், அவள் இரண்டு சாக்கில் வைக்கோலை அடைத்து என் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள். சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். இப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன் என்பதை இப்போது எழுதும்போது, என்ன மடத்தனம் என்று எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஒரு காலை துரை குதிரையில் வந்தபோது நான் படியில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து சலாம் போட முயன்றேன், முடியவில்லை. அவர் என் உதட்டைப் பார்த்தார். நீலமாக இருந்ததாம். அன்றைக்குக் கண்டிக்குப் புறப்பட்ட கோப்பி வண்டியிலேயே என்னையும் ஏற்றிவிட்டார். நாலு நாளில் திரும்பிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

கோப்பி மூட்டைகளில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் அன்னம் ஒரு கையால் என்னையும் இன்னொரு கையால் சோற்றுப் பானையையும் பிடித்துக்கொண்டு, வத்தேகம வழியாக வந்தோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. எல்லாம் கோப்பி வண்டிகள், எல்லாம் ரயிலுக்குப் போகிறவை. ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, இந்த மூட்டைகளெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும், நான்தான் சேரமாட்டேன் என்று ஒரு எண்ணம் வந்தது. பயம் என்று சொல்லத்தக்க பயம் அன்றுதான் முதன்முதலாக வந்தது. அன்னத்திடம் சொல்லவில்லை. அவள் வண்டிக்காரனோடு, மாடுகளை அடிக்காதே என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார ஒரு நீள வாங்கு. அதில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர். காய்ச்சல்காரர்கள், கைகால் முறிந்தவர்கள், வயிற்றுப்போக்குக்காரர்கள். யாருக்கு என்ன என்பது பார்த்தாலே தெரிந்தது. எனக்கு என்ன என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. "உனக்கென்னய்யா, நல்லாத்தானே குந்தியிருக்கே?" என்று ஒரு கிழவர் கேட்டார். படுக்க முடியாததால்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்கு விளக்க மூச்சு போதவில்லை.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்காரப் பெரிய டாக்குத்தர். மற்றவர் அவருக்கு அடுத்த நிலையில் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி. வைத்திலிங்கம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். டாக்குத்தர் ஆங்கிலத்தில் கேட்பதை இவர் தமிழில் கேட்பார்.

"சட்டையைக் கழட்டுங்கோ. மூச்சை மெல்ல இழுத்து விடுங்கோ."

டாக்குத்தர் ஒரு மரக்குழாயை என் நெஞ்சில் வைத்து மறு நுனியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு இடது கை விரலை நெஞ்சில் பதித்து, அதன்மேல் வலது கை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்கும்போது நாம் தட்டிப் பார்க்கிறோமே, அப்படி. சத்தம் மாறும் இடத்திலெல்லாம் மையால் ஒரு புள்ளி வைத்தார். கடைசியில் புள்ளிகளைச் சேர்த்தபோது என் இடது மார்பில் ஒரு வளைகோடு வந்தது.

"இதுதான் உங்கட நெஞ்சு, இருதயம்" என்று வைத்திலிங்கம் அந்தக் கோட்டைக் காட்டினார். "இது இங்க நிக்கவேணும். ரெண்டு விரற்கடை வெளியில வந்து நிக்குது. பெருத்துப்போச்சு."

பெருத்தால் நல்லதுதானே என்று அன்னம் கேட்டாள்.

"இல்லையம்மா. இருதயம் எண்டுறது ஒரு தசை. ரத்தத்தை உடம்பு முழுக்கத் தள்ளுறது அதுதான். ஓயவிடாமல் வேலை குடுத்தால் முதல்ல பெருக்கும், பிறகு தளர்ந்துபோகும். தளர்ந்தால் தள்ள ஏலாது. ரத்தம் தேங்கி அதில இருந்து கசியிற தண்ணிதான் பகலில காலில இறங்குது. படுத்தால் நெஞ்சுக்குள்ள ஏறுது. அதுதான் இவரால படுக்க ஏலாமல் கிடக்கு."

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் பிறகு சொல்லவில்லை.

ஏன் பெருத்தது என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. டாக்குத்தர் கேட்கச் சொல்லி வைத்திலிங்கம் கேட்டார். எத்தனை மணிக்கு வேலை? காலை ஆறு முதல் மாலை ஆறு என்றேன். எவ்வளவு நேரம் நித்திரை? பத்து மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிறேன், ஆறு மணி நேரம் என்றேன். ஆறுக்கும் பத்துக்கும் நடுவே? அது பழம் உரிக்கும் நேரம், அதை வேலை என்று யாரும் சொல்வதில்லை என்றேன். டாக்குத்தர் உதட்டைப் பிதுக்கினார். நாற்பத்திரண்டு வயது ஆள், மூட்டை தூக்குகிறவனும் இல்லை, ஆறு மணி நேரம் தூங்குகிறான், இவனுக்கு இப்படி வரக் காரணம் இல்லை என்றாராம். அப்படியானால் ஒன்றுதான் மிச்சம்.

"சாராயம் எவ்வளவு குடிப்பீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அன்னம் முந்திக்கொண்டாள். "சாராயமா? இவரு புளிச்ச மோரு குடிச்சாலே ரெண்டு நாளு தலைவலின்னு படுப்பாரு. நல்லாக் கேட்டீங்க போங்க!"

வைத்திலிங்கம் சிரித்தார். ஆனால் டாக்குத்தர் புத்தகத்தில் எதையோ எழுதிவிட்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். நானும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, எனக்குத் தோன்றியதை எழுதுகிறவன்தானே.

நீள அறையில் இருபுறமும் கட்டில்கள். என்னுடையது சன்னலோரம். முதுகுக்கு மரச் சாய்மானம் வைத்து உட்கார்த்தினார்கள். காலையும் மாலையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சில சொட்டு மருந்து. டிஜிடாலிஸ் என்று பெயர். சீமையில் ஏதோ பூச்செடியின் இலையிலிருந்து எடுப்பதாம். ஓடும் நாடியை நிதானமாக்கி, தள்ளும் பலத்தைக் கூட்டும் என்றார் வைத்திலிங்கம். அளவு தப்பினால் வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்றும் சொன்னார். ஆகவே தினமும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகச் சுவரைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் நிம்மதி. உப்பு கூடாது. தண்ணீர் அளவோடு. எவ்வளவு மூத்திரம் போகிறது என்பதை ஒரு சட்டியில் பிடித்து அளந்தார்கள். தோட்டத்தில் நான் எல்லாவற்றையும் அளந்தேன், இங்கே என்னை அளந்தார்கள்.

அன்னம் ஆஸ்பத்திரிக்கு எதிரே பிட்டு விற்கும் ஒரு அம்மாவோடு ஒரே நாளில் சிநேகமாகி, அவள் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டாள். அங்கே அரிசி இடித்துக் கொடுத்துவிட்டு, அடுப்பில் எனக்கு உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொண்டுவருவாள். நான் முகத்தைச் சுளித்தால், தானும் அதில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்பாள். அவளும் அந்த நாட்களில் உப்பில்லாமல்தான் சாப்பிட்டாள் என்பதைப் பிட்டு அம்மாதான் எனக்குப் பின்னால் சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலில் காசிம் நானா. கண்டிக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருப்பவர். வண்டிச் சக்கரம் ஏறி முழங்கால் முறிந்து, இரண்டு பலகைக்கு நடுவே காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வாய்க்கு மட்டும் கட்டில்லை. என்னை "கணக்கப்புள்ள, கணக்கப்புள்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஐந்தாம் நாள் எதிர்க் கட்டிலில் இருந்தவர் இறந்துபோனார். அவரும் என்னைப் போலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர். என்னைப் போலவே சொட்டு மருந்து குடித்தவர். காலையில் விரிப்பை உருவி மடித்துக்கொண்டு போனார்கள். அன்று முழுவதும் நான் அந்தக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காசிம் நானா அதைப் பார்த்துவிட்டு, புடவைக்கடைக்கு வந்து பேரம் பேசும் பெண்களைப்போலப் பேசிக் காட்டிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். நானும் அவருக்காகச் சிரித்தேன்.

எட்டாம் நாள் கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. அன்றே துரையின் கடிதமும் வந்தது. பழம் மரத்திலேயே உதிர்கிறது, ஆள் இல்லாமல் ஸ்டோர் தடுமாறுகிறது, கணக்கப்பிள்ளையை உடனே அனுப்புங்கள் என்று டாக்குத்தருக்கு எழுதியிருந்தார். டாக்குத்தரும் சரி என்றார். சாராயத்தைத் தொடாமல் இருந்தால் போதும், திங்கட்கிழமை போகலாம் என்று வைத்திலிங்கம் வந்து சொன்னார். எனக்கும் போகத்தான் ஆசை. ஸ்டோர் நினைவாகவே இருந்தது. அன்னத்திடம் மூட்டையைக் கட்டச் சொன்னேன்.

அதற்குக் குறுக்கே விழுந்தவர் காசிம் நானா. நாடி பார்க்க வந்த வைத்திலிங்கத்தைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, இந்த மனுசன அனுப்ப முந்தி ஒண்டு கேளுங்க. நான் விடிய முந்தி சுபஹ் தொழுகைக்கு எழும்புற ஆள். கட்டில்ல கிடந்தாலும் நேரத்துக்கு முழிப்பு வந்துரும். நான் எழும்புறப்பல்லாம் இவர் எப்பவோ எழும்பி உக்காந்திருக்கார். நேத்து வேணுமெண்டே முழிச்சிக் கிடந்து பாத்தன். இவர் எழும்பினப்புறம் சுபஹுக்கு ரெண்டு மணித்தியாலம் இரிக்கி."

வைத்திலிங்கம் என்னைப் பார்த்தார். "எத்தினை மணிக்கு எழும்புறனீங்கள் எண்டு சொன்னீங்கள்?"

"நாலு."

"நீங்கள் எழும்பேக்க மணி மூண்டு. எனக்கும் தெரியும். ராத்திரிக் காவலாள் எழுதி வைச்சிருக்கிறான். நோயால வாற முழிப்பு எண்டு நினைச்சன்."

"மூணா இருக்க முடியாதுங்க. ஆறு வருசமா நாலு மணிக்கு எழும்புற உடம்பு, தப்பாது" என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் ஸ்டோர்க் கடிகாரத்தின் முள் நினைவுக்கு வந்தது.

தோட்டத்துக்கு வந்த முதல் வருஷம், பழம் பறிக்கும் காலம் தொடங்கியதும், துரை ஸ்டோருக்கு வந்து கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கச் சொன்னார். ஆட்கள் சீக்கிரம் மலையேற வேண்டும் என்றார். தள்ளிவைத்தேன். இதில் நான் அவர்மேல் பழி போடமுடியாத ஒரு பகுதி உண்டு. காலையில் ஒரு மணி கிடைத்தது, மத்தியானத்துக்குமேல் போதவில்லையே என்று யோசித்து, ஆட்கள் சோறு தின்னும் நேரத்தில் முள்ளை இரண்டு மணி பின்னால் இழுத்துவைக்கும் யோசனையைக் கண்டுபிடித்தவன் நான். யாரும் சொல்லவில்லை. நானே செய்தேன். ராத்திரி ஸ்டோரைப் பூட்டும்போது அந்த இரண்டு மணியை மறுபடி முன்னால் தள்ளிவிடுவேன். துரை என்னைக் கெட்டிக்காரன் என்றார். நாளடைவில் அது கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல ஒரு வேலையாகிவிட்டது. கை அதுபாட்டுக்குச் செய்யும்.

வைத்திலிங்கம் ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். "எழுதிக் கூட்டுங்கோ. நீங்கள்தானே கணக்கப்பிள்ளை."

எழுதினேன். ஸ்டோர்க் கடிகாரம் காலையில் ஊரைவிட ஒரு மணி முந்தி ஓடியது, மத்தியானத்துக்குமேல் ஒரு மணி பிந்தி ஓடியது. ராத்திரி பத்து என்று நான் படுத்தபோது ஊரில் பதினொன்று. காலை நாலு என்று நான் எழுந்தபோது ஊரில் மூன்று. நடுவில் இருந்தது நாலு மணி நேரம். ஆறு அல்ல. காலை ஆறு முதல் மாலை ஆறு என்று நான் சொன்னது ஊர்க் கணக்கில் ஐந்து முதல் ஏழு. அதற்குப் பிறகு வேலை என்று யாரும் சொல்லாத அந்த வேலை நாலு மணி. ஆக ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆட்களை ஏமாற்றவென்று முள்ளைத் தள்ளியவன், ராத்திரி அதே முள்ளைப் பார்த்து, ஆறு மணி நேரம் தூங்கினேன் என்று நம்பிக்கொண்டு எழுந்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

காசிம் நானா சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இதை டாக்குத்தரிட்டச் சொன்னால் உங்களை அனுப்பமாட்டார்" என்றார் வைத்திலிங்கம். "ஆனால் அவர் காரணத்தைத் துரைக்கு எழுதுவார். சொல்லாட்டித் திங்கட்கிழமை போகலாம். இதே மாதிரி இன்னும் ஒரு மாசம் நிண்டீங்களெண்டால், பிறகு வண்டியில கொண்டுவரவும் தேவையிராது. யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் நாளைக்கு வாறன்."

சொன்னால் வேலை போகும். தோட்டத்து ரகசியத்தைக் கண்டியில் வெள்ளைக்கார டாக்குத்தரிடம் சொன்னவனை எந்தத் துரையும் திரும்பச் சேர்க்கமாட்டார். சொல்லாவிட்டால் உயிர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். நான் அன்று பகல் முழுவதும் யோசித்தேன். வேலை இல்லாத என்னை எனக்குத் தெரியாது. சாவி இல்லாத இடுப்போடு எங்கே போவது என்று பயந்தேன். அந்தப் பயம், பாலத்தின்மேல் வந்த பயத்தைவிடச் சின்னதாக இல்லை.

சாயங்காலம் அன்னம் கஞ்சியோடு வந்தாள். சிலேட்டில் இருந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் தினமும் எத்தனை மணிக்கு எழும்பியிருக்கேன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கஷாயமும் கஞ்சியும் வைக்க அவள் என்னைவிட அரை மணி முன்னால் எழுவாள்.

"ரெண்டரை."

"ம்" என்றாள். கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். "கட்டுன மூட்டைய நான் அவுத்துடறேன். நீங்க அந்த டாக்குத்தருகிட்டச் சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, கத்தித்தான் சொல்லுவேன்."

மறுநாள் சொன்னேன். வைத்திலிங்கம் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் மாற்றினார். மத்தியான யோசனை என்னுடையது என்ற இடம் வந்தபோது அவர் என்னைப் பார்த்தார், அதையும் மாற்றவா என்பதுபோல. மாற்றுங்கள் என்றேன். டாக்குத்தர் தன் புத்தகத்தைத் திறந்து, முன்பு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். ஆறு வாரம் படுக்கை. அதற்குப் பிறகு உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும், பகலில் மட்டும். மலை ஏறவே கூடாது. பெருத்த இருதயம் பழையபடி சிறுத்துவிடாது, ஓய்வு கொடுத்தால் உள்ளதை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்றார்.

துரையின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. என் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. பெட்டி படுக்கையை அனுப்பிவைக்கிறேன். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் செலவைத் தோட்டமே கொடுத்துவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் தலைக்கங்காணி பெரியசாமி. ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேரைக் கடல் கடந்து அழைத்துவந்தவர் அவர்தான். கட்டிலருகே நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என் கணக்கப்பிள்ளை உத்தியோகம் போய்விட்டது என்பது அவர் முழங்காலுக்கு இன்னும் தெரியவில்லை.

அவரிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. கடிகாரத்தை நான் தள்ளியதை, இழுத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பெரியசாமி துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அது எங்களுக்குத் தெரியுங்களே" என்றார்.

"தெரியுமா?"

"சேவ கூவறதுக்கு ஒரு சாமம் முந்தி மணியடிச்சாத் தெரியாதுங்களா? சோறு தின்ன பெறகு பொழுது நீண்டுக்கிட்டே போகுதே, தெரியாதுங்களா? நீங்க கடியாரத்தத் திருப்பலாம். விடிவெள்ளியத் திருப்ப முடியுங்களா? லயத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"சொல்லி? நீங்கதானேங்க திருப்பறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சத உங்ககிட்டயே வந்து சொல்லணுமாக்கும்னு இருந்துட்டோம்."

காசிம் நானா பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தார்.

பெரியசாமி என் காலைப் பார்த்தார். வீக்கம் வடிந்து தோல் சுருங்கியிருந்தது. குனிந்து கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"மாடசாமிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எந்திரத்துக்குத் தண்ணி தொறந்துவிட்ட மாடசாமிங்க. அமுக்குனாக் குழி விழும். பழம் பறிச்ச கறுப்பாயி உக்காந்துக்கிட்டேதான் தூங்குவா, படுத்தா மூச்சு வராதும்பா. உங்களுக்குச் சொட்டு மருந்து குடுத்திருக்காங்க, நல்லதுங்க. அவங்க ரெண்டு பேத்தையும் நீங்க காய்ச்சல்னு எழுதிக்கிட்டீங்க."

எழுதினேன். போன வருஷம். தோட்டத்தில் யார் இறந்தாலும் காரணம் எழுதி துரைக்குக் கொடுப்பது என் பொறுப்பு. வேறு காரணம் தெரியாதபோது காய்ச்சல் என்று எழுதுவது வழக்கம். இரண்டு பேருக்கும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதினேன்.

பெரியசாமி போன பிறகு அன்னம் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அழுவதைப் பார்த்து, வேலை போனதற்காக என்று நினைத்து, காசிம் நானா கடையில் உட்கார்ந்த வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், எட்டு மணிக்குத்தான் கடை திறப்பாராம் என்று ஆறுதல் சொன்னாள். சொன்னபடியே இப்போது அங்கேதான் இருக்கிறேன். மேடு ஏறுவதில்லை. உப்புக் குறைவு. பலகையை அடுக்கிச் சாய்ந்துதான் இன்னமும் தூங்குகிறேன், ஆனால் தூங்குகிறேன்.

மாடசாமி என்னிடம் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கறுப்பாயி அப்படி இல்லை. அவள் வந்து கேட்டாள். ஒரு சாயங்காலம் பழச் சாக்கைக் கொட்டிவிட்டு ஸ்டோர் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. "கணக்கப்புள்ளை ஐயா, இன்னிக்கு மட்டும் இத்தோட லயத்துக்குப் போயிக்கட்டுமா? மேல ஏற முடியலைங்க" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நாலில் இருந்தது. மனமறிந்து பொய் சொல்லவில்லை, எனக்கு அது நாலுதான். "நாலுதான் ஆகுது, இன்னொரு சாக்குப் பறிக்கலாம்" என்றேன். ஊரில் அப்போது மணி ஐந்து. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மறுபடி மலையேறினாள்.